மேசைக்கு மாதச் சந்தா

ஒரு விடுகதை போடுகிறேன் சார், பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கினேன், கைக்கு வரவில்லை. மாதாமாதம் வாடகை கட்டுகிறேன், குடிபோகவில்லை. வேண்டாம் என்று எழுந்து போனால், நான் கொண்டுவந்து வைத்த பொருள்கூட என் பின்னால் வராது. அது என்ன?

ஃபிளாட்டா? கேட்கிறவர்கள் எல்லாரும் ஃபிளாட் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் எங்கே வாங்கினீர்கள், கூடுவாஞ்சேரியா? இன்னும் சாவி தரவில்லையா? அடடா. ஆனால் பதில் அது இல்லை. மேசை சார், மேசை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிற மேசை. மரத்தில் செய்தது இல்லை, இணையத்தில் இருக்கிறது.

என் பெயர் குமரகுரு. தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை. வீடு திருச்சி, உறையூர். மனைவி பூங்கொடி அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே பெண், நறுமுகை. பதினோரு வயது. நான் இந்தத் திருச்சி பஸ்ஸில் ஏறி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கும். கம்பெனி வேலை இல்லை, மேசை வேலை. இன்றைக்கு அந்த வேலை இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். "ஆற்றங்கரையில் நடந்து போகிறாய். எதிரே ஒரு பாழடைந்த மதகு. என்ன செய்வாய்?" என்று கதை சொல்கிறவர் கேட்பார். "ஏறிக் குதிப்பேன்" என்று பிள்ளை சொல்லும். பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தாண்டியாயிற்று. சின்ன எண் விழுந்தால் தண்ணீருக்குள். அவ்வளவுதான். ஜெயிப்பது, தோற்பது கிடையாது. கதை போய்க்கொண்டே இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது. நறுமுகைக்கு எட்டு வயது. அவளுடைய தோழி ஆஃப்ரின், எதிர் வீட்டுப் பையன் ஜெரோம், இவள், மூன்று பேரும் விளையாட, நான் கதை சொல்வேன். தாயக்கட்டைக்குப் பதில் லூடோ பகடை. மதில் கட்டத் தீக்குச்சி. நறுமுகையின் பாத்திரம் மின்னி என்கிற வில்லாளி. ஆஃப்ரின் வைத்தியச்சி. ஜெரோம் பூட்டுத் திறக்கிற திருடன். வாய் அதிகம் அந்தப் பையனுக்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன பலம், என்ன ஆயுதம், எங்கே அடிபட்டது என்று எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். நறுமுகைதான் எழுதுவாள். ஒரு ரூபாய் செலவில்லை.

அப்புறம் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பிள்ளை அழுதாள். நானும் யோசித்தேன், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆட்டத்தை எப்படி விடுவது? அப்போதுதான் இந்த இணைய மேசை கண்ணில் பட்டது. வெளிநாட்டுக் கம்பெனி. பெயர் வேண்டாம். நான் தாம்பரத்து அறையில் உட்கார்ந்து கதை சொல்வேன், அவர்கள் மூன்று பேரும் உறையூரில் எங்கள் வீட்டு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். லேப்டாப் ஒன்றானாலும் ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு இருக்கை. திரையில் வரைபடம் விரியும். மின்னி நடப்பாள். பகடை உருளும், சத்தம்கூட வரும். முதல் மாதம் இலவசம்.

நான் ஒழுங்கான ஆள் சார், அரைகுறையாக எதையும் செய்ய மாட்டேன். நோட்டில் இருந்ததையெல்லாம் உட்கார்ந்து உள்ளே ஏற்றினேன். மூன்று வாரம் ஆனது. ஏற்றி முடித்ததும் நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். எல்லாம்தான் உள்ளே இருக்கிறதே.

இப்போது விலையைக் கேளுங்கள். மேசை இலவசம் என்பான் கம்பெனிக்காரன், இருக்கைக்குச் சந்தா. வரைபடம் ஒன்று இலவசம், இரண்டாவதிலிருந்து காசு. பகடைகூட, வெள்ளைப் பகடை சும்மா கிடைக்கும், நீலப் பகடை வேண்டுமானால் தனி விலை. விலங்கு, பூதம் எல்லாம் ஒற்றையாக விற்க மாட்டான், கட்டாகத்தான் விற்பான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு முதலை. அந்த முதலை எந்தக் கட்டில் இருந்தது தெரியுமா? ஒன்பது பனிக்கரடியோடு. நானூற்று இருபது ரூபாய். காவிரிக்கரையில் நடக்கிற கதை சார் இது. பனிக்கரடியை நான் எங்கே விடுவது? சும்மா கிடக்கின்றன ஒன்பதும்.

சரி, வேண்டாம் என்று நிறுத்திவிடலாமே என்கிறீர்கள். நானும் ஒருமுறை நிறுத்தப் போனேன். அந்தப் பொத்தானை எங்கே வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். கண்டுபிடித்து அழுத்தினால், மூன்று பிள்ளைகளின் பாத்திரங்களும் வரிசையாக வந்து நின்று கையை ஆட்டுகின்றன. கீழே எழுதியிருக்கிறது: "மின்னி உங்களைத் தேடுவாள். கட்டாயம் போகத்தான் வேண்டுமா?" அதற்கும் கீழே பொடி எழுத்தில், சந்தா நின்ற முப்பதாம் நாள் எல்லாம் அழிக்கப்படும், வெளியே எடுத்துச் செல்ல வழி கிடையாது என்று. மூன்று வருஷத்து மின்னி சார். பிள்ளையிடம் போய் என்ன சொல்வது? மூடிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் அட்டையிலிருந்து பணம் போய்விட்டது.

பிள்ளைகளின் பாசத்தை வைத்து இப்படிப் பிடித்து வைப்பது என்ன புத்தி? நீங்களே சொல்லுங்கள்.

டோல்கேட்டா இது? இன்னும் செங்கல்பட்டே தாண்டவில்லையா. அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள், உங்கள் மேல் வெயில் அடிக்கிறது.

நான் ஆட்டத்தை எப்படி நடத்தினேன் என்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்றால் சோம்பல் இருக்கும். ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. அதனால் ஒரு விதி வைத்தேன். தொடர்ந்து நாலு ஞாயிறு வந்தால் ஒரு வெள்ளி அம்பு, அல்லது வெள்ளிச் சாவி, அல்லது வெள்ளிக் குப்பி. ஒரு ஞாயிறு தவறினால் சேர்த்ததெல்லாம் பூஜ்யம். கட்டாயம் ஒன்றும் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள். வருவதும் வராததும் அவரவர் இஷ்டம்.

ஆஃப்ரின் ஒருமுறை திண்டுக்கல்லுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். ஏழு குப்பி வைத்திருந்தாள், ஏழும் போயிற்று. "அங்கிள், எங்க மாமா கல்யாணம் அங்கிள், நான் போகாம இருக்க முடியுமா?" என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் விதி என்றால் விதி. அவளுக்காகத் தளர்த்தினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

அந்த ஜெரோம் இருக்கிறானே, அன்றைக்கு நடுவில் புகுந்து கேட்கிறான்: "அங்கிள், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர்ற பிளான் ஏதும் இருக்கா உங்ககிட்ட? கொஞ்சம் சீப்பா?"

மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. வாய் அதிகம் என்று சொன்னேனே.

நறுமுகையும் ஒரு தடவை கேட்டாள். "அப்பா, இந்த ஞாயித்துக்கெழமை ஆஃப்ரின் வீட்டு மாடியில பட்டம் விடப் போறோம். ஆட்டத்தை அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

"தாராளமா போம்மா" என்றேன். "ஆனா போன வாரம் மின்னியை எங்க விட்டோம், ஞாபகம் இருக்கா? மூணாவது மதகுல ஒத்தக் கையில தொங்கிக்கிட்டு இருக்கா. கீழ தண்ணி. நீ வரலன்னா பாவம், ஒரு வாரம் முழுக்கத் தொங்கணும்."

"சரிப்பா, வர்றேன்" என்றாள். வந்தாள். பட்டம் விடப் போகவில்லை. நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவளாகத்தான் வந்தாள். அந்த அளவுக்கு அவளுக்கு ஆட்டத்தின் மேல் ஈடுபாடு.

பூங்கொடிக்குத்தான் இது ஒன்றும் புரிவதில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மாசம் ஆயிரத்து நானூறு ரூபா போகுது. எதுக்கு?"

"மேசைக்கு. சந்தா, வரைபடம், எல்லாம் சேர்த்து."

"ஆயிரத்து நானூறுக்கு நீங்க ரெண்டு தடவை பஸ்ஸுல வந்துட்டுப் போயிடலாம்ல?"

டீச்சர் பாருங்கள், கணக்கு சரியாகத்தான் போடுகிறாள். ஆனால் வந்தால் என்ன ஆகும் சார்? ஏழு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, வந்ததும் படுப்பேன். மறுநாள் கேஸ், கரண்ட் பில், மாமனார் வீடு. பிள்ளை ஒரு பக்கம் ஹோம்வொர்க் எழுதும். ஒரு பேச்சு இருக்காது. மேசையில் அப்படி இல்லை. இரண்டு மணி நேரம் என் பேச்சைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டாள். நான் கதவைத் திறந்தால்தான் கதவு திறக்கும். அதற்காகத்தான் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைபடம் தயார் செய்தேன். அதனால்தான் வர முடியவில்லை. இதைச் சொன்னால், "சரி, உங்க இஷ்டம். ஆனா இதுக்கு மேல ஒத்த ரூபா ஏத்தக் கூடாது" என்று வைத்துவிட்டாள். ஏற்ற மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்து மூன்றாவது வாரம் கம்பெனிக்காரனிடமிருந்து கடிதம் வருகிறது. "மகிழ்ச்சியான செய்தி" என்று தலைப்பு. அவர்கள் மகிழ்ச்சியான செய்தி என்றாலே விலை ஏறுகிறது என்று அர்த்தம். இனிமேல் பழைய சந்தாவில் மேசைக்கு மூன்று இருக்கைதான். இதுவரை ஐந்து. நாலாவது ஆள் வேண்டுமானால் மேல் திட்டத்துக்கு மாற வேண்டும், அது இரண்டு மடங்கு. பதினைந்தாம் தேதிக்குள் யார் அந்த மூன்று பேர் என்று மேசையின் உரிமையாளர் குறித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மேசையைப் பூட்டிவிடுவார்கள்.

நாங்கள் நாலு பேர். பிள்ளைகள் மூன்று, நான் ஒருவன். கதை சொல்ல நான் இருந்தாக வேண்டும். நறுமுகை இருந்தாக வேண்டும், அவளுக்காகத்தானே எல்லாமே. ஆக ஆஃப்ரின், ஜெரோம் இருவரில் ஒருவர் போக வேண்டும். யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெரோமின் அப்பாவை எதிர் வீட்டில் தினமும் பூங்கொடி பார்க்க வேண்டும். அந்தப் பொல்லாப்பு எனக்கு எதற்கு? ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம் ஒரு நல்ல வழி தோன்றியது.

பிள்ளையே முடிவு செய்யட்டும். அவளுடைய சிநேகிதர்கள்தானே. பொறுப்பும் வரும். போன சனிக்கிழமை நறுமுகையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மேசையின் உரிமையாளராக அவள் பெயரையே மாற்றிக் கொடுத்தேன்.

"மூணு பேர் பேரை மட்டும் வெச்சுட்டு ஒரு பேரை எடுத்துடணும். அவ்வளவுதான். முடிவு உன்னோடது."

"யாரை வேணும்னாலும் எடுக்கலாமாப்பா?"

"யாரை வேணும்னாலும். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"நெஜமா?"

"நெஜமா."

மறுநாள் ஞாயிறு. நாலாவது மதகு தயாராக இருந்தது. முதலையை அங்கேதான் வைத்திருந்தேன், தண்ணீருக்கு அடியில், கண் மட்டும் தெரிகிற மாதிரி. மின்னி கால் வைத்ததும் கவ்வ வேண்டும். அறையில் என்னோடு தங்கியிருக்கிற இரண்டு பையன்களையும் சினிமாவுக்கு அனுப்பிவிட்டேன். நாலு மணிக்கு உள்ளே போனேன்.

"இந்த மேசையில் உங்களுக்கு இருக்கை இல்லை. மேசையின் உரிமையாளரை அணுகவும்."

கைதவறி வேறு பெயரை அழுத்திவிட்டாள் என்று நினைத்தேன். பிள்ளைதானே. இல்லாவிட்டால் கம்பெனிக்காரனின் கோளாறு. புகார் எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் யாரும் எழுதுவதில்லை, இயந்திரம் எழுதுகிறது. "அன்புள்ள குமரகுரு, உங்கள் சந்தா தடையின்றி வந்துகொண்டிருக்கிறது. நன்றி."

வெளியே நின்று பார்த்தால் மூன்று விளக்கு மட்டும் தெரியும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டுகிற பச்சை விளக்கு. மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. ஆறு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அணையவில்லை. வழக்கமாக ஐந்தரைக்கே ஜெரோம் பசிக்கிறது என்று எழுந்துவிடுவான்.

ஆறு மணிக்குப் பூங்கொடிக்குப் போன் செய்தேன். "நறுமுகை என்ன செய்யுறா?"

"உள்ள மூணும் ஒரே சிரிப்பு. ஏதோ முதலைக்கும் பனிக்கரடிக்கும் கல்யாணமாம். எட்டுக் கரடியும் பொண்ணு வீட்டுக்காரங்களாம். நானே போயி எட்டிப் பாத்துட்டு வந்தேன். ஏங்க, நீங்க இல்லியா அதுல?"

கடிக்க வேண்டிய முதலை சார் அது. நானூற்று இருபது ரூபாய்.

நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை யோசித்தேன். பணத்தை நிறுத்திவிட்டால் மேசை பூட்டிக்கொள்ளும், பிள்ளையே என்னிடம் வருவாள். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. நிறுத்தினால் மின்னி போய்விடுவாளே. நோட்டும் இல்லை. என் அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டுதான் இருக்கும், நான் உள்ளே போக முடியாது. எப்படி மாட்டி வைத்திருக்கிறான் பார்த்தீர்களா? எனக்கு நறுமுகை மேல் கோபம் இல்லை. அவன் ஐந்தை மூன்று ஆக்கியதால் வந்த வினை. ஐந்து இருக்கை இருந்தவரைக்கும் நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

புதன்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். மேல் திட்டத்துக்கு மாறிவிடுவது. பூங்கொடியிடம் சொல்ல வேண்டாம், என் மதியச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். சாயங்காலம் நறுமுகையைக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, கேட்கவில்லை. எப்படிப் போயிற்று என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா இருந்துச்சுப்பா. மாத்தி மாத்திக் கதை சொல்றோம். போன வாரம் ஆஃப்ரின், இந்த வாரம் ஜெரோம்."

"ஜெரோமா? அவனுக்குக் கதை சொல்ல வருமா?"

"காமெடியா சொல்லுவான்பா."

"விதியெல்லாம் பாத்துக்கிறீங்களா? யாராச்சும் ஒரு வாரம் வரலன்னா?"

"வரலன்னா அந்த ஆளு கூடாரத்துல தூங்கும். அடுத்த வாரம் எழுப்பிக்குவோம்."

விளையாட்டு என்றால் ஓர் ஒழுங்கு வேண்டாமா சார்? தூங்குமாம். சரி, பிள்ளைகள். அப்புறம் விஷயத்துக்கு வந்தேன். "நறுமுகை, அப்பா ஒரு நல்ல செய்தி சொல்லட்டுமா? மேல் திட்டத்துக்கு மாறப் போறேன். நாலு இருக்கை வந்துடும். யாரையும் எடுக்க வேண்டியதில்லை. மின்னிக்கு ரெண்டு வெள்ளி அம்பு தர்றேன், சும்மாவே. நாலாவது இருக்கையில அப்பா பேரைப் போட்டுடு, சரியா?"

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். "போடலன்னா மின்னியை அழிச்சிருவீங்களாப்பா?"

ஏன் அப்படிக் கேட்டாள் என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை. நான் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறேனா? இந்தக் கம்பெனிக்காரன் அனுப்புகிற அறிவிப்புகளை அவளும் படிக்கிறாள் போலிருக்கிறது. "சேச்சே, என்னம்மா பேச்சு இது. மின்னி உன்னோடதுதான். நீ பேரைப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அப்பா பணத்தை நிறுத்த மாட்டேன்" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமா."

யோசித்துப் பார்த்துவிட்டு, நாலாவது இருக்கை வேண்டாம்பா, மூணு பேரே போதும் என்று சொல்லிவிட்டாள்.